இந்தியாவில் முன்னணி கார்ப்பரேட், இணைப்பு, திவால் சட்ட நிறுவனங்கள் எவை? நடுத்தர நிறுவனம் யாரிடம் போவது?

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். இந்தியாவில் கார்ப்பரேட் சட்டம், இணைப்பு, திவால் ஆகிய துறைகளில் முன்னணியில் இருக்கும் சட்ட நிறுவனங்கள் எவை? தமிழ்நாட்டில் உள்ள ஒரு நடுத்தர உற்பத்தி நிறுவனம், தன் தொழிலிலேயே இருந்து, நொடித்துப்போய்ச் சென்னை என்.சி.எல்.டி.க்கு, அதாவது தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்துக்கு, வந்திருக்கும் இன்னொரு நிறுவனத்தை வாங்க நினைத்தால் அவர்களில் யாரை அணுகுவது?

முதல் பாதிக்கு விடை எளிது. சிறில் அமர்சந்த் மங்கள்தாஸ், ஷார்துல் அமர்சந்த் மங்கள்தாஸ், ஏ.இசட்.பி. அண்ட் பார்ட்னர்ஸ், கைத்தான் அண்ட் கோ, டிரைலீகல், ஜே.எஸ்.ஏ. எந்தப் பட்டியலைப் புரட்டினாலும் பெரும்பாலும் இந்த ஆறு பெயர்கள்தான் மேலே இருக்கும். வரிசைதான் ஆண்டுக்கு ஆண்டு முன்பின்னாகும். ஆள்பலத்தில் சிறியவையானாலும் பெரிய டீல்களில் அடிக்கடி தென்படும் எஸ் அண்ட் ஆர் அசோசியேட்ஸ், தல்வார் தாகோர் அண்ட் அசோசியேட்ஸ், இன்னும் இண்டஸ்லா, எகனாமிக் லாஸ் பிராக்டிஸ், ஆர்கஸ் பார்ட்னர்ஸ், சராஃப் அண்ட் பார்ட்னர்ஸ் போன்றவற்றை அடுத்த வட்டத்தில் வைக்கலாம். பதிலை இத்தோடு முடித்தால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. ஏனென்றால் அந்த ஆறில் சிலர் உங்கள் வேலையை எடுக்க முடியாது என்று முதல் நாளே கைவிரிக்கக்கூடும். அதற்கான காரணம்தான் இந்தப் பதிலின் மையம்.

அதற்கு முன் இவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்று கொஞ்சம். 1917-ல் தொடங்கிய பழைய அமர்சந்த் நிறுவனம் 2015 மே மாதம் அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரிந்தது. டெல்லியில் இருந்த அண்ணன் ஷார்துல் ஷ்ராஃப் ஒரு பாதி, மும்பையில் இருந்த தம்பி சிறில் ஷ்ராஃப் மறுபாதி. பாகம் பிரித்தால் இரண்டும் மெலியும் என்று பலர் கணித்தார்கள், இரண்டுமே வளர்ந்தன. கைத்தான் 1911-ல் கல்கத்தாவில் பிறந்தது. அதை நிறுவிய தேவி பிரசாத் கைத்தான் அரசியல் சட்ட வரைவுக் குழுவில் அம்பேத்கரோடு இருந்தவர். ஏ.இசட்.பி. 2004-ல் அஜய் பால், ஜியா மோடி, பஹ்ராம் வகீல் மூவரும் சேர்ந்து உருவாக்கியது. இந்த பஹ்ராம் வகீல், முன்னாள் சட்டச் செயலாளர் டி.கே.விஸ்வநாதன் தலைமையிலான திவால் சட்டச் சீர்திருத்தக் குழுவில் உறுப்பினராக இருந்தவர். அந்தக் குழு 2015 நவம்பரில் கொடுத்த அறிக்கையிலிருந்துதான் இன்றைய திவால் சட்டமே வந்தது. ஜே.எஸ்.ஏ. 1991-ல் ஜோதி சாகர் தொடங்கியது. டிரைலீகல் 2000-ல் தொடங்கிய, குடும்பப் பெயர் எதையும் சுமக்காத நிறுவனம்.

மும்பையின் கிராஃபோர்ட் பேய்லி 1830-ல் தொடங்கியது. வயதை மட்டும் வைத்துப் பார்த்தால் மேலே சொன்ன எல்லோருக்கும் மூத்தது. ஆனால் இன்றைய டீல் சந்தையை அசைப்பவர்கள் 1991-க்குப் பிறகு வளர்ந்தவர்கள். நம் நாட்டில் சட்ட நிறுவனங்கள் இவ்வளவு தாமதமாகப் பெரிதானதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பழைய கம்பெனிச் சட்டத்தின்படி ஒரு கூட்டு நிறுவனத்தில் 20 பேருக்கு மேல் பார்ட்னராக இருக்க முடியாது. 2008-ன் எல்.எல்.பி. (வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மை) சட்டமும் 2013-ன் கம்பெனிச் சட்டமும் வந்த பிறகுதான் அந்தக் கட்டு அவிழ்ந்தது.

வெளிநாட்டு நிறுவனங்கள் ஏன் இந்தப் பட்டியலில் இல்லை என்று கேட்பீர்கள். அந்தக் கதையின் பெரும்பகுதி சென்னையில் நடந்தது. ஏ.கே.பாலாஜி என்ற வழக்கறிஞர் 2010-ல் முப்பதுக்கும் மேற்பட்ட வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்களை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டார். 2012-ல் இங்கே தீர்ப்பு வந்தது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இறுதியாகச் சொன்னது. இந்தியாவில் வழக்கறிஞர் தொழில் என்பது நீதிமன்றத்தில் வாதாடுவது மட்டுமல்ல, ஒப்பந்தம் எழுதுவதும் ஆலோசனை சொல்வதும் அதில் அடக்கம். ஆகவே வெளிநாட்டார் இங்கே கடை விரிக்க முடியாது, எப்போதாவது வந்து தங்கள் நாட்டுச் சட்டத்தைப் பற்றி ஆலோசனை சொல்லிவிட்டுப் போகலாம். இந்திய பார் கவுன்சில் 2023-ல் விதிகள் கொண்டுவந்து, 2025-ல் அவற்றைத் திருத்தி, கதவைச் சற்றே திறந்திருக்கிறது. ஆனாலும் இந்தியச் சட்டம் சம்பந்தப்பட்ட வேலை அவர்களுக்கு இல்லை. லண்டன் நிறுவனம் ஒன்றின் பெயர் உங்கள் டீலில் அடிபட்டால், அவர்கள் பார்ப்பது வெளிநாட்டு முதலீட்டாளரின் பக்கத்தைத்தான்.

தரவரிசைகளைப் பற்றிச் சுருக்கமாக. பார் கவுன்சில் விதி 36 வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. 2008-ல் வலைத்தளம் வைத்துக்கொள்ள மட்டும், குறிப்பிட்ட விவரங்களோடு, அனுமதி கிடைத்தது. எந்தச் சட்ட நிறுவனத்தின் தளத்துக்குப் போனாலும் 'இது விளம்பரம் அல்ல, நானாகத்தான் வந்தேன்' என்று ஒப்புக்கொள்ளச் சொல்லி ஒரு பெட்டி வந்து நிற்பது அதனால்தான். விளம்பரம் இல்லாத இடத்தைச் சேம்பர்ஸ், லீகல் 500, ஐ.எஃப்.எல்.ஆர்.1000 போன்ற கையேடுகள் நிரப்புகின்றன. அவை போலி அல்ல. ஆனால் நிறுவனங்களே எழுதி அனுப்பும் விவரங்களையும், அவர்களே பெயர் கொடுக்கும் வாடிக்கையாளர்களின் வார்த்தையையும் பெரிதும் நம்பி எழுதப்படுகின்றன. டீல் மதிப்பை வைத்துப் போடும் பட்டியல்களில் இன்னொரு கோளாறு: 10,000 கோடி ரூபாய் டீல் ஒன்றில் விற்பவர், வாங்குபவர், கடன் கொடுப்பவர் என்று ஆளுக்கொரு நிறுவனம் வேலை பார்த்தால், முழு மதிப்பும் ஒவ்வொருவர் கணக்கிலும் ஏறும். 2023 ஜூலையில் முடிந்த எச்.டி.எஃப்.சி. இணைப்பு போன்ற ஒன்றில் சின்னப் பங்கு இருந்தாலே போதும், அந்த ஆண்டு பட்டியலில் மேலே போய்விடலாம். கையேட்டில் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: நிறுவனத்தின் இடத்தை அல்ல, திவால் பிரிவில் தனியாகப் பெயர் சொல்லப்படும் பார்ட்னர்கள் யார், அவர்கள் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை.

இனி விஷயத்துக்கு வருவோம். 2016 வரை இணைப்பும் திவாலும் இரண்டு தனி உலகங்கள். இணைப்பு வேலை கோட்டு சூட்டு போட்ட வேலை. திவால் என்றால் உயர் நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் வாய்தா வாங்கும் வேலை. 2016 டிசம்பரில் திவால் சட்டத்தின் நிறுவனப் பகுதி அமலுக்கு வந்து, 2017 ஜூனில் ரிசர்வ் வங்கி 12 பெரிய வாராக்கடன் கணக்குகளை அடையாளம் காட்டி தீர்ப்பாயத்துக்குப் போகச் சொன்னதும் இரண்டும் ஒன்றாகின. பூஷன் ஸ்டீலை டாடா ஸ்டீல் எடுத்தது 2018 மே மாதம். எஸ்ஸார் ஸ்டீலை ஆர்சலர் மிட்டலும் நிப்பான் ஸ்டீலும் சேர்ந்து சுமார் 42,000 கோடிக்கு எடுத்து முடித்தது 2019 டிசம்பரில். இவை திவால் வழக்குகளா, கையகப்படுத்தல்களா? இரண்டும்தான். டியூ டிலிஜென்ஸ், அதாவது வாங்கும் நிறுவனத்தின் கணக்கையும் ஆவணங்களையும் துருவிப் பார்ப்பது, செய்ய வேண்டும், விலை போட வேண்டும், போட்டிச் சட்ட அனுமதி வாங்க வேண்டும். கூடவே தீர்ப்பாயத்தில் நின்று ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் பதில் சொல்லவும் வேண்டும். டீல் மட்டும் தெரிந்தவரும் போதாது, வாதம் மட்டும் தெரிந்தவரும் போதாது. பெரிய நிறுவனங்கள் இந்த வேலையில் முந்திக்கொண்டதற்குக் காரணம், இரண்டு வகை ஆட்களும் ஒரே கூரையின் கீழ் இருந்ததுதான்.

ஆனால் ஒரு திவால் வழக்கில் எத்தனை நாற்காலிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். கடன் கொடுத்த வங்கிகளின் குழு, அதாவது சி.ஓ.சி., ஒரு வக்கீல் வைத்துக்கொள்ளும். நிறுவனத்தின் பொறுப்பை ஏற்று நடத்தும் தீர்வு அலுவலர், ஆர்.பி., இன்னொருவரை வைப்பார். வாங்க வருபவர்கள் நான்கு பேர் என்றால் நான்கு நிறுவனங்கள். பழைய புரமோட்டர், அதாவது நிறுவனத்தை நடத்திவந்த முதலாளி, தனியாக ஒருவரை வைப்பார். பெரிய சப்ளையர்கள், சில சமயம் அரசுத் துறைகளும் தனித்தனியே. ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்னவர் அதே விவகாரத்தில் எதிர்த்தரப்புக்கு வரக்கூடாது என்று பார் கவுன்சில் விதி 33 சொல்கிறது. பெரிய சட்ட நிறுவனங்களின் நிலையான வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் வங்கிகளும் பெரிய தொழில் குழுமங்களும். நீங்கள் வாங்க நினைக்கும் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்த வங்கிகளின் கூட்டமைப்பு ஏற்கெனவே அந்த ஆறில் ஒருவரை வைத்திருக்கும், ஆர்.பி. இன்னொருவரை வைத்திருக்கக்கூடும், உங்களைவிடப் பெரிய போட்டியாளர் மூன்றாமவரைப் பிடித்திருப்பார். ஏலத்தில் இரண்டு போட்டியாளர்களுக்கு ஒரே நிறுவனம் தனித்தனிக் குழு வைத்து வேலை பார்ப்பதும் இருதரப்புச் சம்மதத்தோடு நடப்பதுண்டு. நான் அதை விரும்புவதில்லை. உங்கள் விலை என்ன என்பது பக்கத்து அறையில் இருப்பவருக்குத் தெரியாது என்று நம்பி உட்கார்ந்திருப்பது தூக்கத்தைக் கெடுக்கும்.

ஆகவே 'முன்னணி நிறுவனம் எது' என்ற கேள்விக்கு முன்பு 'நான் எந்த நாற்காலியில் இருக்கிறேன்' என்ற கேள்வி வருகிறது. வங்கியின் நாற்காலியில் இருந்தால் இந்தத் துறையின் இருப்பதிலேயே வலுவான தீர்ப்புகள் உங்கள் பக்கம். 2019 பிப்ரவரியில் கே.சசிதர் எதிர் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி வழக்கிலும், அதே ஆண்டு நவம்பரில் எஸ்ஸார் ஸ்டீல் வழக்கிலும் உச்ச நீதிமன்றம், வாங்க வருபவர் கொடுக்கும் தீர்வுத் திட்டத்தை ஏற்பதும் மறுப்பதும் கடன் கொடுத்தோர் குழுவின் வணிக முடிவு, அதன் சரிதவறைத் தீர்ப்பாயம் எடைபோடக் கூடாது என்றது. 66 சதவீத வாக்கு கிடைத்தால் திட்டம் நிறைவேறும். வங்கிக்கு வேண்டியது கறாரான ஆவண வேலையும், வாங்குபவர் பின்வாங்கினால் பிடித்து நிறுத்தும் உத்தரவாதங்களும். 2024 நவம்பரில் ஜெட் ஏர்வேஸை உச்ச நீதிமன்றம் கலைக்கச் சொன்னது, திட்டம் ஏற்கப்பட்ட பிறகும் வாங்கியவர்கள் சொன்னபடி நடத்தவில்லை என்பதால்தான்.

புரமோட்டரின் நாற்காலி வேறு. அவருக்கு முதல் கவலை திவால் சட்டத்தின் 29ஏ பிரிவு. 2017 நவம்பரில் அவசரச் சட்டமாக வந்த அது, வாராக்கடன் வைத்திருக்கும் பழைய முதலாளி தள்ளுபடி விலையில் தன் நிறுவனத்தையே திரும்ப வாங்குவதைத் தடுக்கிறது. அடுத்த கவலை அவர் கொடுத்திருக்கும் தனிப்பட்ட ஜாமீன். 2019 டிசம்பர் முதல் வங்கிகள் ஜாமீன்தாரர்மேலும் திவால் நடவடிக்கை எடுக்கலாம். 2021 மே மாதம் லலித் குமார் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நிறுவனத்தின் கடன் தீர்வுத் திட்டத்தில் முடிந்துவிட்டது என்பதால் ஜாமீன்தாரர் விடுபட மாட்டார். புரமோட்டருக்கு வேண்டியவர் பெரிய பெயர் அல்ல. வங்கியோடு பேசி முடிக்கத் தெரிந்தவர், தீர்ப்பாயத்தில் நாள் தவறாமல் நிற்பவர். இந்த நாற்காலிக்குப் பெரிய நிறுவனங்கள் பலவும் வரத் தயங்கும், காரணம் மேலே சொன்ன வங்கி உறவுதான்.

பணம் வரவேண்டிய சின்ன சப்ளையராக இருந்தால் இந்த ஆறு நிறுவனங்களும் உங்களுக்கு வேண்டாம், செலவு கட்டாது. திவால் சட்டத்தின் 9-ஆம் பிரிவில் மனுப் போட வர வேண்டிய தொகை 1 கோடியாவது இருக்க வேண்டும். 2020 மார்ச் வரை இந்த வரம்பு வெறும் 1 லட்சம். முதலில் நோட்டீஸ், அதற்கு 10 நாள் அவகாசம். நோட்டீசுக்கு முன்பே சரக்கின் தரம் பற்றியோ கணக்கைப் பற்றியோ தகராறு இருந்ததாக எதிர்த்தரப்பு காட்டிவிட்டால் மனு நிற்காது என்று 2017 செப்டம்பரில் மொபிலாக்ஸ் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. ஆகவே பழைய மின்னஞ்சல்களை வாசித்துப் பார்த்து, 'இது ஓடாது' என்று நேர்மையாகச் சொல்லக்கூடிய உள்ளூர் வக்கீல்தான் உங்களுக்கு முன்னணி.

உங்கள் நாற்காலி வாங்குபவருடையது. இங்கேதான் தவறான ஆளைப் பிடித்தால் பெரிய நஷ்டம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

திவால் வழியில் வாங்குவதன் பெரிய கவர்ச்சி பழைய பாக்கிகள் ஒட்டாமல் கிடைப்பது. 2021 ஏப்ரலில் கன்ஷ்யாம் மிஸ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஏற்கப்பட்ட திட்டத்தில் இடம்பெறாத உரிமைகோரல்கள் அழிந்துபோகும், அரசின் வரிப் பாக்கியும் அதில் அடக்கம் என்றது. 32ஏ பிரிவு, பழைய நிர்வாகம் செய்த குற்றங்களுக்காக நிறுவனத்தின்மேல் வழக்கோ அதன் சொத்துமேல் முடக்கமோ தொடராமல், புதியவர் பழையவரோடு தொடர்பில்லாதவர் என்றால், காப்பு கொடுக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2022 செப்டம்பரில் ரெயின்போ பேப்பர்ஸ் வழக்கில், குஜராத்தின் வாட் சட்டப்படி மாநில அரசு பிணையம் உள்ள கடனாளருக்குச் சமம், அதைக் கண்டுகொள்ளாத திட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. உங்கள் வக்கீலிடம் முதல் சந்திப்பிலேயே கேட்கவேண்டியது இதுதான்: இந்த நிறுவனத்தின் வணிக வரி, மின்வாரியம், வருங்கால வைப்பு நிதி, சுற்றுச்சூழல் பாக்கிகளைத் திட்டத்தில் எப்படி எழுதுவீர்கள்? ரெயின்போவைப் பெயர் சொல்லி எடுத்துப் பேசாதவரை நான் மேற்கொண்டு கேட்கமாட்டேன்.

அடுத்தது தகுதி. 29ஏ உங்களையும் பார்க்கும். உங்கள் குழுமத்திலோ, உங்களோடு தொடர்புடைய ஒருவரின் கட்டுப்பாட்டிலோ ஓராண்டுக்கு மேல் வாராக்கடனாகக் கிடக்கும் கணக்கு ஒன்று இருந்தால் சிக்கல். மைத்துனர் நடத்தும் மூடிப்போன மில் ஒன்று கடைசி வாரத்தில் வெளியே வந்து திட்டத்தையே கவிழ்க்கலாம். இதில் இன்னொரு திருப்பமும் உண்டு. நீங்கள் வாங்க நினைப்பது குறு, சிறு, நடுத்தர நிறுவனமாகப் பதிவு பெற்றதென்றால், 240ஏ பிரிவின்படி பழைய புரமோட்டருக்கு 29ஏ-யின் முக்கியத் தடைகளிலிருந்து விலக்கு உண்டு. அதாவது ஆலையின் ஒவ்வொரு பல்சக்கரமும் தெரிந்த பழைய முதலாளியே உங்களுக்கு எதிராக விலை கேட்டு வருவார். தமிழ்நாட்டில் தீர்ப்பாயத்துக்கு வரும் ஆலைகளில் இந்த வகை குறைவில்லை.

விலை கேட்டு வராவிட்டாலும் அவர் வேறு வழியில் வரலாம். 12ஏ பிரிவின்படி, குழுவின் 90 சதவீத வாக்கு இருந்தால் வழக்கையே திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். சென்னையின் சிவா இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் புரமோட்டர் தரப்பு கொடுத்த சமரசத்தை வங்கிகள் ஏற்றன. சென்னைத் தீர்ப்பாயம் மறுத்தது. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம், வங்கிகள் ஏற்றுக்கொண்ட பிறகு தீர்ப்பாயம் குறுக்கே நிற்கக்கூடாது என்று அனுமதித்தது. டியூ டிலிஜென்சுக்கு நீங்கள் செலவழித்த பணத்தை யாரும் திருப்பித் தரமாட்டார்கள்.

மூன்றாவதாக, இணைப்புகளால் சந்தையில் போட்டி கெடாமல் பார்க்கும் போட்டி ஆணையம். திவால் வேலையும் இணைப்பு வேலையும் ஒரே மேசையில் இருக்க வேண்டியதன் அருமை இங்கேதான் தெரியும். இந்துஸ்தான் நேஷனல் கிளாஸ் நிறுவனத்தை வாங்க ஏ.ஜி.ஐ. கிரீன்பேக் கொடுத்த திட்டத்தை வங்கிகள் ஏற்றன. போட்டி ஆணையத்தின் அனுமதி அதற்குப் பிறகுதான் வந்தது. 2025 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில், அனுமதி முதலில் வந்திருக்க வேண்டும், குழு வாக்களிப்பது அதற்குப் பிறகுதான் என்று சொல்லித் திட்டத்தை ரத்து செய்தது. அந்த வரிசையைத் தளர்த்த 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வந்த திருத்த மசோதா முன்மொழிந்தது. நீங்கள் திட்டம் கொடுக்கும் நாளில் சட்டம் எப்படி இருக்கிறதோ அதைத்தான் பார்க்க வேண்டும். உங்களுக்கு ஆறுதல்: வாங்கப்படும் நிறுவனத்தின் இந்தியச் சொத்து மதிப்பு 450 கோடிக்குள் அல்லது விற்றுமுதல் 1,250 கோடிக்குள் இருந்தால் பொதுவாக ஆணையத்துக்குப் போகவே தேவையில்லை. இதைத் தொடக்கத்திலேயே ஒரு பக்கத்தில் எழுதி வாங்கிவிடுங்கள். ஒரே தொழிலில் இருப்பவர்கள் வாங்கும்போது எதிர்த்தரப்பு முதலில் தூக்கும் ஆயுதம் இதுதான்.

கடைசியாக, எல்லாம் முடிந்த பிறகும் முடியாமல் போவது. பூஷன் பவர் அண்ட் ஸ்டீலை ஜே.எஸ்.டபிள்யூ. ஸ்டீல் 2021 மார்ச்சில் சுமார் 19,000 கோடிக்கும் மேல் கொடுத்து எடுத்து, நடத்தி, உற்பத்தியைப் பெருக்கியது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2025 மே 2 அன்று, உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டமே சட்டப்படி செல்லாது, நிறுவனத்தைக் கலைத்துவிடுங்கள் என்றது. ஜூலை கடைசியில் அந்தத் தீர்ப்பை அதே நீதிமன்றம் திரும்பப் பெற்றது. செப்டம்பர் 26 அன்று திட்டத்தை உறுதி செய்தது. ஜே.எஸ்.டபிள்யூ.வுக்கு அந்த ஐந்து மாதங்களைத் தாங்கும் தோள் இருந்தது. நடுத்தர நிறுவனத்துக்கு இருக்குமா? ஆகவே பணம் எப்போது போகிறது, மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது என்ன ஆகும், திட்டம் ரத்தானால் போட்ட பணம் எப்படித் திரும்பும் என்ற மூன்று வரிகளைத் திட்டத்தில் எழுதத் தெரிந்த பார்ட்னர்தான் உங்களுக்கு வேண்டியவர். வழக்கு உள்ளே போனதிலிருந்து முடிவதற்குச் சட்டம் 330 நாள் என்கிறது. எஸ்ஸார் ஸ்டீல் 2017 ஆகஸ்டில் உள்ளே போய் 2019 டிசம்பரில்தான் வெளியே வந்தது.

சரி, அப்படியானால் யார்? என் கணிப்பு இது. வாங்கும் விலை சில நூறு கோடிக்கு மேல் போகும், எதிரே பெரிய குழுமம் போட்டியிடுகிறது என்றால் அந்த ஆறில் நலன் முரண் இல்லாத, அதாவது இதே விவகாரத்தில் வேறு தரப்புக்கு வேலை பார்க்காத, ஒருவரிடமே போங்கள். சிறில், ஷார்துல், கைத்தான், ஜே.எஸ்.ஏ. ஆகியோருக்குச் சென்னையிலேயே அலுவலகம் உண்டு. அதற்குக் கீழே என்றால், பெரிய நிறுவனத்திலிருந்து பிரிந்து வந்து தனியாக நடத்தும் ஒரு பார்ட்னர் உங்களுக்கு அதிகம் பயன்படுவார். பெரிய இடத்தில் உங்கள் வேலை இரண்டாம் ஆண்டு ஜூனியரின் மேசையில் போய் உட்காரும். அங்கே பார்ட்னரே உங்கள் திட்டத்தின் ஒவ்வொரு வரியையும் வாசிப்பார். சென்னையில் சுரானா அண்ட் சுரானா போன்று நீண்டகாலமாக இருக்கும் உள்ளூர் நிறுவனங்களையும் ஒதுக்க வேண்டாம். நிறுவனத்தின் பதிவு அலுவலகம் தமிழ்நாட்டிலோ புதுச்சேரியிலோ இருந்தால் வழக்கு ராஜாஜி சாலையில் உள்ள தீர்ப்பாயத்தில்தான் நடக்கும்; மேல்முறையீட்டுக்கும் 2021 முதல் சென்னையிலேயே என்.சி.எல்.ஏ.டி. (மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம்) அமர்வு இருக்கிறது. எந்த அமர்வு எந்த ஆட்சேபத்தை எப்படிப் பார்க்கிறது என்பது அங்கே தினமும் நிற்பவருக்குத்தான் தெரியும்.

ஒன்றை நினைவில் வையுங்கள்: நிறுவனம் வேறு, வாதாடுபவர் வேறு. முக்கியமான நாளில் எழுந்து பேசுபவர் பெரும்பாலும் ஒரு சீனியர், அதாவது மூத்த வழக்கறிஞர். சட்ட நிறுவனம் அவருக்குக் கட்டு தயாரித்துக் கொடுக்கும். அவருடைய கட்டணம் தனி. சில நாட்களில் நிறுவனத்தின் மாதக் கட்டணத்தைவிட அதிகமாகவே வரும். யாரை அமர்த்துவது என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஏலத்தில் எதிரே இருப்பவர் ஊரில் உள்ள நல்ல சீனியர்கள் பலரிடம் முன்பே வக்காலத்து பேசிவிடுவது நடக்காத விஷயமல்ல.

உங்களுக்குத் திவால் வேலை இல்லை, சொந்தக் குழுமத்தின் இரண்டு கம்பெனிகளை ஒன்றாக்குவதுதான் நோக்கம் என்றால் இவ்வளவும் தேவையில்லை. பங்குச் சந்தையில் இல்லாத, கடன் 200 கோடிக்கு மிகாத, தவணை தவறாத கம்பெனிகளுக்கு 2025 செப்டம்பர் முதல் கம்பெனிச் சட்டத்தின் 233-ஆம் பிரிவின் விரைவு வழி திறந்திருக்கிறது. தீர்ப்பாயத்துக்கே போக வேண்டாம், மண்டல இயக்குநரிடம் முடியும். நல்ல கம்பெனி செக்ரட்டரி ஒருவரும் ஒரு ஆடிட்டரும் போதும்.

கட்டணம் பற்றி. மணிக்கணக்கு, உச்சவரம்பு வைத்த மணிக்கணக்கு, மொத்தத் தொகை என்று மூன்று வகையில் கேட்பார்கள். திவால் டீலுக்குக் கட்டம் கட்டமாக மொத்தத் தொகை பேசுவதுதான் வாங்குபவருக்கு நல்லது: டியூ டிலிஜென்ஸ் வரை ஒன்று, திட்டம் எழுதிக் குழுவோடு பேசி வாக்கெடுப்பு வரை ஒன்று, தீர்ப்பாய ஒப்புதல் வரை ஒன்று. மேல்முறையீட்டைத் தனியாக, இப்போதே விலை பேசி எழுதிக்கொள்ளுங்கள். ஒப்புதல் கிடைத்த மறுநாள் பேசினால் பேரம் உங்கள் கையில் இருக்காது. 'ஜெயித்தால் இவ்வளவு' என்று வழக்கின் முடிவோடு கட்டணத்தைப் பிணைக்கப் பார் கவுன்சில் விதி 20 அனுமதிப்பதில்லை, அப்படிச் சொல்லி வருபவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். ஒப்பந்தக் கடிதத்தில் பார்ட்னரின் பெயர் இருக்கட்டும். அவர் நிறுவனத்தை விட்டுப் போனால் உங்கள் கோப்பு யாரிடம் என்பதும் இருக்கட்டும். இந்தத் துறையில் பார்ட்னர்கள் கட்சி மாறுவது அடிக்கடி நடக்கிறது.

நாளை காலையில் செய்ய வேண்டியது: ஆர்.பி. ஃபார்ம் ஜி, அதாவது வாங்க விரும்புவோரை அழைக்கும் அறிவிப்பை, வெளியிட்டுவிட்டாரா என்று பாருங்கள். வெளியிட்டிருந்தால் ஆர்வம் தெரிவிக்கக் குறைந்தது 15 நாள் இருக்கும், பெரும்பாலும் அதற்கு மேல் கிடைக்காது. நலன் முரண் சோதனைக்கே ஒரு நிறுவனத்தில் சில நாட்கள் ஆகும். எனவே ஒருவரின் பதிலுக்குக் காத்திருந்து அடுத்தவரிடம் போக வேண்டாம். மூன்று நிறுவனங்களுக்கு ஒரே நாளில் எழுதுங்கள். கடிதத்தில் நொடித்த நிறுவனத்தின் பெயர், ஆர்.பி.யின் பெயர், கடன் கொடுத்த வங்கிகளின் பெயர்கள் மட்டும் போதும். உங்கள் விலையையும் திட்டத்தையும், 'எங்களுக்கு முரண் இல்லை' என்று அவர்கள் எழுதிக் கொடுத்த பிறகு சொல்லுங்கள்.